பழைய தட்டும் புதிய தட்டும்

அறிவைத் தேடுதல் அரிது; தேடிய அறிவை அழியாமற் காத்தல் அதனினும் அரிது. நம் முன்னோர் தாம் ஆராய்ந்து கண்டவற்றைப் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதி வைத்தனர். ஓலையோ அழியும் பொருள். செல் அரிக்கும், ஈரம் பற்றும், ஆண்டு பல சென்றால் தொட்ட இடம் ஒடிந்து உதிரும். ஆதலின், ஒரு சுவடி முற்றுஞ் சிதைவதற்கு முன்னரே அதனைப் புதிய ஓலையிற் படியெடுத்து வைத்தனர். அவ்வாறு படியெடுக்கப் பெற்ற நூல்களே நம் கைக்கு வந்து சேர்ந்தன. படியெடுப்பார் இன்றிக் கிடந்தவை மறைந்தன. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று முழு நூலாக இல்லை. சில செய்யுட்களே எஞ்சியுள்ளன. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய வரலாற்றை அறிந்தோர், உரிய காலத்தில் எடுக்கும் ஒரு படியின் அருமையை நன்கு உணர்வர்.

இக்காலத்தில் ஓலை செய்த தொண்டினைப் பெரும்பாலும் கணினி செய்கின்றது. பள்ளியின் மதிப்பெண் பட்டியல், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, மருத்துவமனையின் நோயாளர் குறிப்பு, ஒரு குடும்பத்தின் நிழற்படங்கள் ஆகிய யாவும் கணினிக்குள்ளே தங்கியிருக்கின்றன. அவை தங்கும் இடத்திற்கு வன்தட்டு என்று பெயர். ‘ஹார்டு டிஸ்க்’ என்று மக்கள் வழங்குவதும் இதனையே. ஓலையைப் போலவே வன்தட்டும் அழியும் பொருள்தான். ஓலைக்கு நூறாண்டுக் கணக்கில் ஆயுள் உண்டு. வன்தட்டுக்கோ பெரும்பாலும் சில ஆண்டுகளே. ஆதலால், பழைய தட்டை நீக்கிப் புதிய தட்டைப் பொருத்துதலும், பழையதில் உள்ளவற்றைப் பழுதின்றிப் புதியதற்கு மாற்றுதலும் இக்காலத்தார் அறிந்திருக்க வேண்டிய கலைகளாகும். அவற்றை இப்பாடத்திற் காண்போம்.

வன்தட்டின் தோற்றமும் அமைப்பும்

முதல் வன்தட்டு 1956ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளிவந்தது. கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஓசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ரெனால்டு ஜான்சன் என்பார் தலைமையில் பொறியாளர்கள் அதனை உருவாக்கினர். அதன்கண் ஐம்பது தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தட்டின் விட்டமும் இரண்டடி. முழுப் பொறியின் எடை ஒரு டன்னுக்கு மேற்பட்டது. இத்துணைப் பெரிய பொறி கொண்டது ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு ஒன்று ஒரு டெராபைட்டு, அஃதாவது இலட்சங் கோடி பைட்டுகளைக் கொள்ளும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்று கொண்டால், அப்பழைய பொறிகள் இரண்டு இலட்சம் சேர்ந்து கொள்ளுவதை இச்சிறு தட்டு கொள்ளுகின்றது என்பது பெறப்படும்.

வன்தட்டின் உறைக்குள்ளே அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆகிய வட்டத் தட்டுகள் உள்ளன. அவற்றின் மேல் காந்தத் தன்மையுடைய மெல்லிய பூச்சு ஒன்று பூசப்பட்டிருக்கும். கணினி அறிந்த எண்கள் இரண்டே. அவை 0, 1 என்பன. அப்பூச்சின் மிகச் சிறு பகுதிகள் காந்தமேற்றப்பட்டிருக்கும் திசையைக் கொண்டு இவ்விரு எண்களும் குறிக்கப்படுகின்றன. ஒரு நீண்ட கரத்தின் நுனியில் அமைந்த முனை தட்டின் மேல் இங்குமங்கும் நகர்ந்து அவற்றை எழுதும். எழுதியதைப் படிக்கவும் செய்யும். மிக நுண்ணிய காந்தக் குறிகளையும் படித்தறிய உதவிய விளைவு ஒன்றினை 1988ஆம் ஆண்டிற் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞர் ஆல்பர் பெர்ட்டும் ஜெர்மானிய அறிஞர் பீட்டர் கிரூன்பெர்க்கும் 2007ஆம் ஆண்டில் இயற்பியலுக்குரிய நோபெல் பரிசினைப் பெற்றனர்.

மேசைக் கணினியின் தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7200 முறை சுழலும். நொடிக்கு 120 சுற்று என்பது கணக்கு. அத்தட்டின் விட்டம் 95 மில்லிமீட்டர் என்று கொண்டால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 129 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. அவ்வாறு ஓடும் தட்டின்மேல் முனையானது சில நானோமீட்டர் இடைவெளியில், தட்டைத் தொடாமல் மிதந்து செல்கின்றது. மனிதனது தலைமயிரின் பருமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்றால், அவ்விடைவெளி எத்துணைச் சிறிது என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கண்ணுக்குப் புலனாகாத தூசி ஒன்று அவ்விடைவெளியில் நுழைந்தாலும் அது பெரும்பாறை போன்றதே. ஓடும் தட்டு அதிர்ச்சியுற்றால் முனை தட்டில் மோதிப் பூச்சைக் கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்த எழுத்து என்றைக்கும் திரும்பாது. ‘உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம்’ என்று வன்தட்டின் மூடியைத் திறத்தல் ஆகாது என்பது இதனால் விளங்கும்.

மாற்ற வேண்டிய காலம்

வன்தட்டை மாற்றுவதற்குக் காரணங்கள் மூன்று. இடம் போதாமை ஒன்று. வேகம் போதாமை மற்றொன்று. தட்டு பழுதுறுதல் மூன்றாவது.

வேகத்தை வேண்டுவோர் இக்காலத்தில் சுழலும் தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துகின்றனர். இதில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஜப்பானியப் பொறியாளர் புஜியோ மசுவோகா 1980களில் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றியபோது கண்ட பிளாஷ் நினைவகமே இதன் அடிப்படையாகும். மின்காப்புச் சுவர்களுக்கு இடையே மின்னணுக்களை அடைத்து வைத்து, அவற்றின் அளவைக் கொண்டு எண்களைக் குறிப்பது இதன் முறை. சுழலும் தட்டில் வேண்டிய இடம் முனையின் கீழ் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அக்காத்திருப்பு இல்லை. எனவே, பழைய கணினியும் இதனைப் பெற்றபின் புத்துயிர் பெற்றது போல் விரைந்து இயங்கும். ஆயினும் இதுவும் அழிவற்றதன்று. இதில் எழுதியழிப்பதற்கு ஒரு வரம்பு உண்டு. சிற்சில வேளைகளில் முன்னறிவிப்பு ஏதுமின்றியே இது நின்றுபோதலும் உண்டு.

தட்டு பழுதுறும்போது சில அறிகுறிகள் தோன்றும். கோப்பு ஒன்றைத் திறக்க நெடுநேரம் ஆகும். சில கோப்புகள் திறவா. கணினி காரணமின்றி நின்று நின்று இயங்கும். உறைக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்ற ஒலி எழும். மேலும், தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாடு ஒன்று உண்டு. கெட்டுப்போன கூறுகள் எத்தனை, படிக்க இயலாதவை எத்தனை என்பவற்றை அது கணக்கிட்டுக் காட்டும். அவ்வெண்கள் நாளுக்கு நாள் மிகுமாயின் காலந்தாழ்த்தல் கூடாது. ஆனால் அறிகுறி ஏதுமின்றியே நின்றுபோகும் தட்டுகளும் பல. நோயில்லாத காலத்திலேயே உடலைப் பேணுவது போல, தட்டு நன்றாக இருக்கும் காலத்திலேயே காப்பு நகல் எடுத்து வைப்பது அறிவுடைமையாகும்.

புதிய தட்டைத் தேர்ந்தெடுத்தல்

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியின் அலுவலகக் கணினியை எண்ணிக் கொள்வோம். அதில் 500 கிகாபைட்டு கொள்ளும் வன்தட்டு உள்ளது. பத்தாண்டு மாணவர் பதிவேடுகளும் தேர்வுக் கணக்குகளும் அதனுள் இருக்கின்றன. தட்டு முக்காற் பங்குக்கு மேல் நிறைந்துவிட்டது. அதனை மாற்றுவதற்குப் பள்ளியார் முற்பட்டனர் என்க. அவர்கள் முதலில் செய்ய வேண்டியது யாது?

பழைய தட்டின் வகையை அறிதல் வேண்டும். மேசைக் கணினியில் மூன்றரை அங்குலத் தட்டும், மடிக்கணினியில் இரண்டரை அங்குலத் தட்டும் பெருவழக்கு. இவை சாட்டா என்னும் இணைப்பினால் பொருந்துவன. அவ்விணைப்பில் செய்தி செல்ல ஏழு தொடுமுனைகளும், மின்சாரம் செல்லப் பதினைந்து தொடுமுனைகளும் இருக்கும். அண்மைக் காலத்துக் கணினிகளில் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எம்.2 என்னும் பட்டை வடிவச் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே செருகப்படுகின்றது. இதிலும் சாட்டா வகை, என்.வி.எம்.இ. வகை என இரண்டு உண்டு. தோற்றத்தில் அவை உடன்பிறந்தாரைப் போலிருக்கும். ஒன்றிற்குரிய இடத்தில் மற்றொன்றைச் செருகினால் இயங்காமற் போகலாம். ஆகவே கணினியின் கையேட்டைப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

இங்கே மாணவர்க்கு ஓர் ஐயம் எழக்கூடும். ஒரு டெராபைட்டு என்று விலை கொடுத்து வாங்கிய தட்டைக் கணினியில் இணைத்தால், விண்டோஸ் அதனை 931 கிகாபைட்டு என்று காட்டுகின்றது. எஞ்சியது எங்கே போயிற்று? கடைக்காரர் அளவு குறைத்து விற்றுவிட்டாரா? இல்லை. தட்டைச் செய்வோர் கிகாபைட்டு என்பதை நூறு கோடி பைட்டு என்று கொள்ளுகின்றனர். விண்டோஸோ 1024 என்னும் எண்ணை மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட்டுகளை ஒரு கிகாபைட்டு என்று கொள்ளுகின்றது. இலட்சங் கோடியை இவ்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். 931 என்பதே விடையாக வரும். படி சிறிதானால் அளவு மிகும். படி பெரிதானால் அளவு குறையும். குவியலிலுள்ள நெல் ஒன்றே.

முதற்கடமை

புதிய தட்டு கைக்கு வந்தவுடன் திருப்புளியை எடுத்தல் தவறு. மாற்றத் தொடங்குமுன், இன்றியமையாத கோப்புகளை மூன்றாவது ஓரிடத்தில் படியெடுத்து வைத்தலே முதற்கடமை. பழைய தட்டு ஒன்று, புதிய தட்டு ஒன்று. இவ்விரண்டையுந்தான் நாம் கையாளப் போகின்றோம். கை தவறினால் இரண்டும் கெடலாம். அப்போது நம்மைக் காப்பது தனியே வைத்த அந்த மூன்றாவது நகலே.

காப்பு நகல் எடுத்தால் மட்டும் போதாது. அது பயன்படும் நிலையில் உள்ளதா என்று திறந்து பார்த்தலும் வேண்டும். இதனை விளக்க ஒரு வரலாறு உண்டு. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிக்சார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தை உருவாக்கிக் கொண்டிருந்தனர். ஒரு நாள், கோப்புகளை அழிக்கும் கட்டளை ஒன்று தவறான இடத்தில் இடப்பட்டமையால், படத்தின் பெரும்பகுதி கணினியிலிருந்து அழியத் தொடங்கிற்று. பொறியை நிறுத்துவதற்குள் பலருடைய நெடுநாள் உழைப்பு மறைந்துவிட்டது. ‘காப்பு நகல் இருக்கிறதே’ என்று அனைவரும் ஆறுதல் கொண்டனர். எடுத்துப் பார்த்தபோது அந்நகலும் சரியாகப் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. நாள்தோறும் நகலெடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் அது செம்மையாக நடைபெறுகின்றதா என்று சோதிக்கும் வழக்கம் இல்லை. நற்பேறாக, அப்படத்தின் தொழில்நுட்பப் பணியை மேற்பார்த்துவந்த கேலின் சூஸ்மன் என்னும் அம்மையார், குழந்தைப் பேற்றினை அடுத்து வீட்டிலிருந்தே பணியாற்றுவதற்காகத் தம் இல்லத்துக் கணினியில் ஒரு நகல் வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வைகளாற் சுற்றி, காரில் மெல்லக் கொண்டு வந்து சேர்த்தனர். அதிலிருந்தே பெரும்பகுதி மீட்கப்பட்டது. சோதித்துப் பாராத நகல் இல்லாத நகலுக்கு ஒப்பு. வேறோர் இடத்தில் இருக்கும் நகல் உயிர் காக்கும் மருந்துக்கு ஒப்பு.

இதனைக் கருதியே அறிந்தோர் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்னும் நெறியை வகுத்துள்ளனர். மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பது அந்நெறி. ஒரே அறையில் மூன்று நகல்களையும் வைத்தால், அவ்வறையில் வெள்ளம் புகுந்தாலும் தீப்பற்றினாலும் மூன்றும் ஒருங்கே அழியும் அன்றோ?

மாற்றும் முறைகள்

பழைய தட்டிலுள்ளவற்றைப் புதியதற்கு மாற்ற இரு முறைகள் உள்ளன. வீடு மாறுவோர் புதிய வீட்டைத் துப்புரவு செய்து, வேண்டிய பொருள்களை மட்டும் எடுத்துச் சென்று ஒழுங்காக வைப்பர், வேண்டாதவற்றைக் கழிப்பர். அதுபோலப் புதிய தட்டில் இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவி, வேண்டிய மென்பொருள்களை மீண்டும் சேர்த்து, கோப்புகளை மட்டும் படியெடுத்துக் கொள்ளுதல் முதல் முறை. இதில் உழைப்பு மிகுதி. ஆனால் பல்லாண்டுக் குப்பை ஒழியும்.

இரண்டாவது முறை, பழைய வீட்டை அறையும் அடுப்பும் உள்ளவாறே பெயர்த்து வைத்தல் போன்றது. இதனை முழுநகல் அல்லது குளோனிங் என்பர். இயக்க அமைப்பு, மென்பொருள், கோப்பு, அமைப்புகள் ஆகிய யாவும் பழைய தட்டில் இருந்தவாறே புதிய தட்டில் அமையும். இதனைச் செய்வதற்குக் குளோன்சில்லா போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. புதிய தட்டு பழையதைவிடச் சிறிதாயின், பயன்பட்டுள்ள இடமேனும் அதில் அடங்குமா என்று முன்னரே கணக்கிட்டுக் கொள்ளுதல் வேண்டும்.

நம் பள்ளியார் இரண்டாவது முறையைக் கைக்கொண்டனர் எனக் கொள்வோம். புதிய தட்டை யூ.எஸ்.பி. உறையில் வைத்துக் கணினியோடு இணைப்பர். எத்துணை நேரம் ஆகும் என்பதை முன்னரே கணக்கிடலாம். நொடிக்கு 100 மெகாபைட்டு வீதம் செல்லுமாயின், 500 கிகாபைட்டுக்கு 5000 நொடி, அஃதாவது ஏறத்தாழ 1 மணி 23 நிமிடம் ஆகும். பழைய யூ.எஸ்.பி. 2.0 இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 35 மெகாபைட்டே செல்லும் என்று கொண்டால், அதே பணிக்கு நான்கு மணி நேரம் வேண்டும். இடையில் மின்சாரம் தடைப்படாதிருத்தல் இன்றியமையாதது. மடிக்கணினியாயின் மின் இணைப்பில் வைத்தே தொடங்குதல் வேண்டும்.

இப்பணியில் நேரும் பெருந்தவறு ஒன்று உண்டு. எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிடுதலே அது. அவ்வாறு கொடுத்தால், வெறுமையான புதிய தட்டின் வெறுமை பழைய தட்டின் மேல் படியெடுக்கப்படும். பத்தாண்டுப் பதிவேடு ஒரு நொடியில் அழியத் தொடங்கும். ஆதலின் பெயரை மட்டும் நம்பாது, தட்டின் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, திரையிற் காண்பதோடு இருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே இசைவு தருதல் வேண்டும். பழைய தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின், அதன் மீட்புச் சாவியையும் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். அச்சாவி இன்றேல் சொந்த வீட்டின் வாயிலிலேயே நாம் அயலாராய் நிற்க நேரிடும்.

பழுதுற்ற தட்டாயின் வேறொரு நெறியைக் கொள்ளுதல் நன்று. படிக்க இயலாத கூறுகளை மீண்டும் மீண்டும் படிக்க முயன்றால், நலிந்த முனை மேலும் நலியும். ஆகவே எளிதிற் படிக்கக் கூடியவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றை இறுதிக்கு ஒதுக்குதல் வேண்டும். டிடிரெஸ்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள் இவ்வாறே செய்கின்றது. தீப்பற்றிய வீட்டில் முதலில் குழந்தைகளை வெளிக்கொணர்ந்து, பின்னர்ப் பெட்டியைத் தேடுவது போன்றது இது. தட்டினுள் மோதும் ஒலி கேட்குமாயின், உடனே மின்சாரத்தை நிறுத்தி, தகவல் மீட்பில் வல்லாரிடம் ஒப்படைத்தலே தக்கது.

பொருத்துதல்

நகல் முடிந்தபின் கணினியை முறைப்படி நிறுத்துக. மின்கம்பியைப் பிடுங்கி, மடிக்கணினியாயின் மின்கலத்தின் இணைப்பையும் நீக்குக. பிறகு இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், உள்ளே எஞ்சிய மின்சாரம் வெளியேறும். நம் உடலில் தேங்கும் நிலைமின்னும் தீங்கு செய்ய வல்லது. நாம் உணராத சிறு பொறியும் நுண்சில்லுகளைக் கெடுத்துவிடும். ஆதலால் கணினிக் கூட்டின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே உள்ளுறுப்புகளைத் தொடுக.

மூடியைத் திறந்து, பழைய தட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகளைக் கழற்றுக. அவற்றை ஒரு கிண்ணத்தில் இட்டு வைத்தல் நலம். நீளமும் குட்டையுமாக இருப்பின் எது எங்கே இருந்தது என்று குறித்துக் கொள்க. இணைப்பைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காது, அதன் தலையைப் பிடித்து நேராக இழுக்க. புதிய தட்டை அவ்விடத்தில் வைத்து, இணைப்பைத் திசையறிந்து மெல்லச் செருகுக. இணைப்பின் வடிவமே ‘ட’ எழுத்தைப் போல ஒரு புறம் வளைந்திருப்பதால், தவறான திசையில் அது நுழையாது. நுழையவில்லையெனில் வலிந்து திணித்தல் கூடாது. திருகாணிகளை இறுக்கமாக, ஆனால் முறியாத அளவில் முடுக்குக.

முதன்முறை கணினியை இயக்கும்போது பழைய தட்டு அதனோடு இணைந்திருத்தல் ஆகாது. இரண்டு தட்டுகளும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கியிருப்பதால், எதனைக் கொள்வது என்று இயக்க அமைப்பு மயங்கும். கணினி தொடங்கவில்லை எனில், அதன் தொடக்க அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, புதிய தட்டு தெரிகின்றதா, அதிலிருந்து தொடங்குமாறு வரிசை அமைந்துள்ளதா என்று பார்க்க. புதிய தட்டு பெரியதாயின், மிகுந்த இடம் ஒதுக்கப்படாமற் கிடக்கும். அதனையும் பழைய பகுதியோடு சேர்த்து விரிவுபடுத்திக் கொள்க.

ஒப்புநோக்குதல்

ஓலைச்சுவடியைப் படியெடுப்போர், எழுதி முடித்தபின் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துதல் வேண்டும். இல்லையேல் ஓரெழுத்தின் பிழை ஒரு பொருளையே மாற்றிவிடும். கணினியிலும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. இதற்குச் சரிபார்ப்பு எண் என்னும் உத்தி பயன்படுகின்றது.

7, 4, 9, 2 என்ற நான்கு எண்களைப் படியெடுக்கின்றோம் எனக் கொள்க. கூட்டுத்தொகை 22. படியெடுத்ததில் 9 என்பது 8 ஆகிவிட்டால் தொகை 21 ஆகும், பிழை புலப்படும். ஆனால் 4, 7, 9, 2 என்று இடம் மாறினால் தொகை 22 ஆகவே இருக்கும், பிழை மறைந்துகொள்ளும். அதனைத் தடுக்க, ஒவ்வோர் எண்ணையும் அது நிற்கும் இடத்தின் எண்ணால் பெருக்கிக் கூட்டுக. முன்னதற்கு 50 என்றும், பின்னதற்கு 53 என்றும் விடை வரும். இப்போது பிழை வெளிப்பட்டுவிட்டது. இதே கருத்தை மிக நுட்பமாக வளர்த்து அமைத்ததே எஸ்.எச்.ஏ.-256 போன்ற முறைகள். எத்துணைப் பெரிய கோப்பாயினும் அதனை 64 குறிகள் கொண்ட ஒரு தொடராக அம்முறை சுருக்கித் தரும். மூலத்திற்கும் நகலுக்கும் அத்தொடர் ஒன்றாயிருப்பின், எழுத்தெண்ணி ஒப்பிட்டதற்கு நிகராக நாம் நம்பலாம். பதிவேட்டுக் கோப்புகளை இவ்வாறு சோதிப்பதோடு, சிலவற்றைத் திறந்து கண்ணாலும் பார்த்தல் நன்று.

பழைய தட்டு

எல்லாம் சரியாக உள்ளன என்று கண்டவுடன் பழைய தட்டை அழித்துவிடுதல் ஆகாது. சில வாரங்கள் அதனைத் தூசி, ஈரம், காந்தம் அணுகாத இடத்தில் வைத்திருத்தல் வேண்டும். ஏதேனும் விடுபட்டிருப்பின் அது அப்போது உதவும்.

பின்னர் அதனைக் கழிக்கும்போது மற்றொரு பொறுப்பு நம்மைச் சாரும். கோப்பை அழித்தோம் என்று நாம் எண்ணும்போது, கணினி பெரும்பாலும் அக்கோப்பின் பெயரை அட்டவணையிலிருந்து நீக்குகின்றதே அன்றிக் கோப்பை உடனே நீக்குவதில்லை. நூலகத்தில் ஒரு நூலின் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டால், நூல் அடுக்கை விட்டுப் போய்விடுமா? அடுக்கைத் துழாவுவோர் கையில் அது அகப்படும். அவ்வாறே பழைய தட்டைப் பெற்றவர், அதிலிருந்த மாணவர் முகவரியையும் குடும்பச் செய்திகளையும் வெளிக்கொணர இயலும். பிறர் நம்மை நம்பித் தந்த செய்தியை வழியில் எறிந்துவிடுதல் நம்பிக்கைக் கேடாகும். ஆதலால் சுழலும் தட்டாயின் அதன் முழுப் பரப்பின்மீதும் வேறு எண்களை எழுதி நிரப்புதல் வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் எழுதும் இடத்தை அதுவே மாற்றி மாற்றி அமைத்துக் கொள்வதால், அதற்கென்று உள்ள முழு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துதல் வேண்டும். இயங்காத தட்டாயின் உடைத்து அழித்தலே வழி. எஞ்சியதைக் குப்பையோடு சேர்த்தலும் கூடாது. மின்னணுக் கழிவு பற்றி இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அதனைச் சேர்ப்பித்தல் வேண்டும்.

மாணவர்களே! தட்டு என்பது விலை கொடுத்தால் கடையிற் கிடைக்கும் பொருள். அதில் எழுதப்பட்டது எக்கடையிலும் கிடைக்காது. பள்ளியின் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும் ஒரு மதிப்பெண், பல்லாண்டு கழிந்தபின் உங்கள் தொழிலுக்குச் சான்றாக நிற்கக்கூடும். அதனைக் காத்துத் தருபவர், தட்டு மாற்றிய அன்று இருமுறை பார்த்து ஒருமுறை செய்த யாரோ ஒருவராக இருப்பார். நாளை அப்பணி உங்கள் கைக்கு வருமாயின், நகலெடுத்த பின்னரே திருப்புளியைத் தொடுங்கள்; ஒப்புநோக்கிய பின்னரே பழையதைக் கைவிடுங்கள்.